கொடுக்கல் வாங்கல் தெரிந்த உப்பு

பாஸ்பாரிக் அமிலத்தில் இருக்கும் மூன்று ஹைட்ரஜன்களில் ஒன்றின் இடத்தில் மட்டும் பொட்டாசியம் அமர்ந்து, மற்ற இரண்டும் அப்படியே தங்கிவிட்டால் கிடைக்கும் வெண்ணிற உப்பே பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். ‘டைஹைட்ரஜன்’ என்பது எஞ்சியிருக்கும் அந்த இரண்டு ஹைட்ரஜன்களைக் குறிக்கிறது. இதே பொருளை ஒரு நிறுவனம் ‘மோனோபேசிக் பொட்டாசியம் பாஸ்பேட்’ என்றும், இன்னொரு நிறுவனம் ‘பொட்டாசியம் டைஹைட்ரஜன் ஆர்த்தோபாஸ்பேட்’ என்றும் குப்பியில் அச்சிடுகிறது; இயற்பியலாளர்கள் ‘கே.டி.பி.’ என்கிறார்கள், உரக்கடையில் ‘எம்.கே.பி.’ என்றோ, வெறுமனே 0-52-34 என்றோ கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் எதுவானாலும், இந்த உப்பின் பயன்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு ஹைட்ரஜன்களின் நடத்தையிலிருந்து பிறப்பவை.

முதலில் அதன் வெளித்தோற்றம். நிறமில்லாத சிறு படிகங்களாகவோ வெண்பொடியாகவோ கிடைக்கும் இது, 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 22 கிராம் கரையும். அதே நீரை 90 டிகிரிக்குச் சூடாக்கினால் 80 கிராமுக்கும் மேல் கரையும். எத்தில் ஆல்கஹாலில் ஏறக்குறைய கரைவதே இல்லை. நீர்க்கரைசல் மிதமான அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். மதிப்பு 4.5 அளவில் இருக்கும். பி.எச். என்பது ஒரு கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவுகோல்: 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம் கூடும், மேலே போகப்போகக் காரம் கூடும். சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இந்த உப்பு தன் மூலக்கூற்றிலிருந்து நீரை இழந்து பொட்டாசியம் மெட்டாபாஸ்பேட் என்னும் வேறொரு பொருளாகிவிடுகிறது. ஆனால் 110 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஒட்டியிருக்கும் ஈரம் மட்டும் போகுமே தவிர, உப்புக்கு ஒன்றும் நேராது.

ஆய்வகத்தார் இதை விரும்புவதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு: இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிவதில்லை. இதன் உடன்பிறப்பான டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் மழைக்காலத்தில் குப்பியைத் திறந்து வைத்த சிறிது நேரத்திலேயே பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட பொருளை எடைபோட்டால், உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. டைஹைட்ரஜன் உப்போ தராசுத் தட்டில் காட்டும் எடைக்கு உண்மையாக நிற்கிறது. ஒரு மோல், அதாவது வேதியியலாளர் துகள்களை எண்ணுவதற்குப் பயன்படுத்தும் நிலையான எண்ணிக்கை, 136.09 கிராம், இதில் படிக நீர் ஏதும் இல்லை, தூய்மையாகத் தயாரிப்பதும் கடினமில்லை. நம்பி எடைபோடலாம் என்ற இந்தக் குணமே இதை அளவீட்டுக்கான திட்டப்பொருளாக ஆக்கியிருக்கிறது.

இனி அந்த ஹைட்ரஜன்களைப் பற்றி. பாஸ்பாரிக் அமிலம் தன் மூன்று ஹைட்ரஜன்களையும் ஒரே நேரத்தில் கைவிடுவதில்லை. முதலாவது பி.எச். 2.15-ஐ ஒட்டியும், இரண்டாவது 7.20-ஐ ஒட்டியும், மூன்றாவது 12-ஐத் தாண்டிய பிறகும் பிரிகின்றன. இவ்வாறு பிரியும் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு வெறும் புரோட்டானாகப் போகிறது. நடுவில் உள்ள 7.20 என்னும் எண்தான் இந்த உப்பின் அதிர்ஷ்டம். ஏனென்றால் உயிரணுக்களின் உட்புறமும் இரத்தமும் ஏறக்குறைய அந்த வட்டாரத்திலேயே இயங்குகின்றன. இரண்டு ஹைட்ரஜன் உள்ள பாஸ்பேட்டையும் ஒரே ஹைட்ரஜன் உள்ள பாஸ்பேட்டையும் ஒன்றாகக் கரைத்து வைத்தால், வெளியிலிருந்து வரும் காரத்துக்கு முன்னது புரோட்டானைக் கொடுக்கும். வெளியிலிருந்து வரும் அமிலத்தின் புரோட்டானைப் பின்னது வாங்கிக்கொள்ளும். அமிலமோ காரமோ சிறிதளவு விழுந்தாலும் பி.எச். பெரிதாக அசையாது. இத்தகைய கலவைக்குத் தாங்கல் கரைசல் என்று பெயர். ஆய்வகப் பேச்சில் பஃபர்.

தாங்கல் என்ற சொல்லின் பொருத்தத்தை ஒரு சிறு கணக்கில் காணலாம். ஒரு லிட்டர் தூய நீரில் 1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 1 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய இருபது சொட்டு, விட்டால் பி.எச். 7-லிருந்து 3-க்கு விழும். அமிலத்தன்மை பத்தாயிரம் மடங்கு ஏறிவிட்டது என்று பொருள். இரண்டு பாஸ்பேட்டுகளும் லிட்டருக்கு 0.025 மோல் வீதம் கரைந்திருக்கும் நீரில் அதே அமிலத்தை அதே அளவு விட்டால், மதிப்பு ஏறத்தாழ 0.03 மட்டுமே குறையும். மலிவான பி.எச். மீட்டர்கள் சிலவற்றில் இந்த மாற்றம் கண்ணில் படக்கூட மாட்டாது.

பி.எச். என்னும் அளவுகோலும் பாஸ்பேட் தாங்கல் கரைசலும் ஒரே மனிதரின் மேசையில் வளர்ந்தவை. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், பீர் வடிக்கும் தொழிலோடு தொடர்புடைய நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரென்சன் என்னும் டென்மார்க் வேதியியலாளர், நொதிகளின் வேகம் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுவதைச் சீராக அளப்பதற்காக 1909-இல் பி.எச். அளவுகோலை முன்வைத்தார். அளவுகோல் இருந்தால் போதாது, குறிப்பிட்ட மதிப்பில் அசையாமல் நிற்கும் கரைசல்களும் வேண்டும். அதற்காக அவர் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, லிட்டருக்குப் பதினைந்தில் ஒரு பங்கு மோல் செறிவில் தயாரித்த இரு பாஸ்பேட் கரைசல்கள்: ஒன்றில் சுமார் 9.08 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், மற்றதில் சுமார் 11.87 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் டைஹைட்ரேட். இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, மிதமான அமிலத்திலிருந்து மிதமான காரம் வரை வேண்டிய மதிப்பைப் பெறலாம். நூறாண்டு கடந்தும் இந்தக் கலவை சோரென்சன் பஃபர் என்றே அழைக்கப்படுகிறது.

பி.எச். மீட்டரைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் நடுத்தரக் கரைசலும் இதே ஜோடிதான். ஓர் ஆய்வக உதவியாளர் அதைத் தயாரிக்கும் முறையைக் கவனித்தால் இந்த உப்பின் நேர்த்தி புலப்படும். இரு உப்புகளையும் 110 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் நிரப்பிய மூடிய கண்ணாடிக் கலத்தில் ஆறவைத்து, டைஹைட்ரஜன் உப்பில் 3.388 கிராமும், நீரற்ற டைசோடியம் உப்பில் 3.533 கிராமும் எடைபோட்டு, கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, திட்டக் குடுவையின் கழுத்துக் கோடு வரை நிரப்பினால் போதும். நீரைக் கொதிக்கவைப்பது அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை விரட்டுவதற்காக. 25 டிகிரியில் இதன் மதிப்பு 6.865. மீட்டர் வைத்துச் சரிக்கட்ட வேண்டியதில்லை; தராசு சரியாக இருந்தால் பி.எச். தானே சரியாக அமையும். இரு உப்புகளும் சம அளவில் இருந்தும் மதிப்பு 7.20 ஆகாமல் 6.865-இல் நிற்பது ஏன் என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். கேட்க வேண்டிய கேள்விதான். 7.20 என்பது அயனிகள், அதாவது மின்சுமை ஏறிய துகள்கள், ஒன்றையொன்று பாதிக்காத அளவுக்கு நீர்த்த கரைசலுக்கு உரிய மதிப்பு. செறிவு கூடும்போது அயனிகள் தம்மைச் சூழ்ந்த எதிர்ச்சுமைகளால் தளைப்பட்டு, அந்த எண் கீழே இறங்குகிறது. 10 மடங்கு செறிவில் செய்துவைத்த பாஸ்பேட் உப்புக் கரைசல் 6.8 காட்டுவதும், அதையே பத்து மடங்கு நீர்த்தபின் 7.4 காட்டுவதும் இதனால்தான். இது தெரியாமல் செறிவுக் கரைசலிலேயே காரத்தை ஊற்றி 7.4-க்குக் கொண்டுவருபவர், நீர்த்தபின் தவறான மதிப்பைப் பெறுவார்.

உயிரியல் ஆய்வகங்களில் பி.பி.எஸ். என்னும் மூன்றெழுத்தால் வழங்கும் பாஸ்பேட் உப்புக் கரைசலில், லிட்டருக்கு 8 கிராம் சமையலுப்பு, 0.2 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 1.44 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், 0.24 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் இருக்கும். உயிரணுக்களைக் கழுவவும், எதிர்ப்பொருள்களை நீர்க்கவும் இது பயன்படுகிறது. உப்பின் அளவு உடல்நீர்மத்துக்கு இணையாக இருப்பதால் உயிரணு ஊதி வெடிப்பதும் இல்லை, சுருங்கி வதங்குவதும் இல்லை. வெப்பநிலை மாறினாலும் பாஸ்பேட் பெரிதாகத் தடம் புரள்வதில்லை என்பது இன்னொரு வசதி. மேலே சொன்ன திட்டக் கரைசல் 20 டிகிரியில் 6.88, 37 டிகிரியில் 6.84 என்று காட்டும். டிரிஸ் என்னும் மற்றொரு தாங்கல் பொருளோ ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.03 நகரும், குளிர்பெட்டி அருகே செய்த கரைசல் உடல்வெப்பத்தில் வேறொன்றாகிவிடும்.

பாஸ்பேட்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கால்சியத்தைக் கண்டால் அதனோடு சேர்ந்து கரையாத வெண்படிவாக அடியில் இறங்கிவிடும். ஆகவே கால்சியம் உள்ள ஊடகங்களில் இரண்டையும் தனித்தனியே கிருமிநீக்கம் செய்து, ஆறியபின் கலக்கிறார்கள். நுண்ணுயிரிகளுக்குப் பாஸ்பரஸ் நல்ல உணவு என்பதால், அறைவெப்பத்தில் வாரக்கணக்கில் விட்ட கரைசலில் நூல்நூலாகப் பூஞ்சை மிதக்கும். சோடியம் உப்புகள் கலந்த பாஸ்பேட்டை உறையவைத்தால், டைசோடியம் உப்பு முதலில் படிகமாகப் பிரிந்துவிட, எஞ்சிய நீர்மத்தின் பி.எச். வெகுவாக இறங்கி, அதில் பத்திரப்படுத்திய புரதம் சிதையக்கூடும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் தவறு எடைபோடும் இடத்தில் நேர்கிறது. டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் நீரற்றதாகவும், 2, 7, 12 படிகநீர் மூலக்கூறுகளோடும் விற்கப்படுகிறது. ஒரு மோலின் எடை 142 கிராமிலிருந்து 358 கிராம் வரை மாறுகிறது. குறிப்பேட்டில் நீரற்றது என்று இருக்க, அலமாரியில் பன்னிரண்டு நீர் ஏற்றது இருந்து, அதே எடையில் அதைப் போட்டால் பாதிக்கும் குறைவான உப்பே கரைசலில் சேரும். டைஹைட்ரஜன் உப்பில் இந்தத் தலைவலி இல்லை.

தாங்குவது மட்டுமே இதன் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நீரிலும் மண்ணிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும்போது ஒப்பீட்டுக்கு வைக்கும் திட்டப்பொருளும் இதுவே. உலர்ந்த உப்பில் 219.5 மில்லிகிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால், அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 50 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருக்கும். இதிலிருந்து படிப்படியாக நீர்த்த வரிசை ஒன்றைக் குழாய்களில் எடுத்து, அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட், சிறிது ஆன்டிமனி உப்பு, வைட்டமின் சி-யான அஸ்கார்பிக் அமிலம் ஆகியவை சேர்ந்த வினைக்காரணியை விட்டால், பத்து நிமிடத்துக்குள் குழாய்கள் வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை வரிசையாக நிறம் ஏறி நிற்கும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலமும் கூடும். அந்த நீலத்தை நிறமானி என்னும் கருவி 880 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்க, ஏரி நீரிலோ மண் சாற்றிலோ உள்ள அளவு ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளப்படுகிறது. மர்பி, ரைலி இருவரும் 1962-இல் வகுத்த இந்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குழாய்களைச் சலவைத்தூளால் கழுவினால் மட்டும் வேலை கெட்டது. பல சலவைத்தூள்களில் உள்ள பாஸ்பேட் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெறும் நீரையும் நீலமாக்கிவிடும். நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து அலசுவதே வழக்கம்.

கழிவுநீரில் நுண்ணுயிரிகள் எவ்வளவு உயிர்வளியை உண்கின்றன என்று பார்க்கும் சோதனையில், இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் காத்திருக்கும் அந்தக் குப்பிகளில், நீர்க்கும் நீரோடு சேர்க்கும் 7.2 பி.எச். கரைசலிலும் இவ்வுப்பு உண்டு. மாத்திரை குடலில் எவ்வளவு நேரத்தில் கரையும் என்று மருந்து ஆலைகள் சோதிக்கும்போது, குடல்நீருக்குப் பதிலாக 6.8 மதிப்புள்ள பாஸ்பேட் கரைசலில்தான் மாத்திரையைச் சுழலவிடுகின்றன. திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள் மண்ணைக் காணுமுன் கண்ணாடிப் புட்டியில் வளரும் முராஷிகே–ஸ்கூக் ஊடகத்தில், லிட்டருக்கு 170 மில்லிகிராம் வீதம் கலந்து பாஸ்பரஸைத் தருவதும் இந்த உப்பே.

கரைசலில் புரோட்டானைக் கொடுத்து வாங்கும் அதே ஹைட்ரஜன், படிகத்துக்குள் இன்னொரு விந்தையைச் செய்கிறது. இந்த உப்பின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இதுதான் என்று சொல்லலாம். படிகத்தில் ஒரு பாஸ்பேட்டின் ஆக்சிஜனுக்கும் அடுத்த பாஸ்பேட்டின் ஆக்சிஜனுக்கும் நடுவில் ஹைட்ரஜன் பாலம்போல் அமைந்திருக்கிறது. அது பாலத்தின் நட்டநடுவில் நிற்பதில்லை. இரண்டு முனைகளில் ஏதேனும் ஒன்றை ஒட்டி நிற்கிறது. அறைவெப்பத்தில் இந்த முனை, அந்த முனை என்று ஒழுங்கின்றி மாறிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன்கள், சுமார் மைனஸ் 150 டிகிரிக்குக் குளிர்ந்ததும் திடீரென்று ஒழுங்குக்கு வந்து நிற்க, படிகம் முழுவதும் ஒரு பக்கம் நேர்மின்தன்மையும் மறுபக்கம் எதிர்மின்தன்மையும் கொள்கிறது. வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அந்தத் திசையைப் புரட்டவும் முடியும். பெரோமின் பண்பு எனப்படும் இதை, சூரிச்சில் ஜார்ஜ் புஷ், பால் ஷெரர் ஆகியோர் 1935-இல் இந்த உப்பில் கண்டறிந்தார்கள். ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் இருமடங்கு கனமான ஓரிடத்தான் டியூட்டீரியத்தை வைத்தால், இந்த மாற்றம் ஏறத்தாழ 90 டிகிரி மேலேறிச் சுமார் மைனஸ் 60-இலேயே நடந்துவிடுகிறது. ஹைட்ரஜனின் பங்கு இதில் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லேசர் பிறந்தபின் இதே படிகத்துக்கு ஒளியியலில் புது வாழ்வு கிடைத்தது. வலிமையான லேசர் ஒளி இதன் ஊடாகச் சரியான கோணத்தில் சென்றால், அதன் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் 532 நானோமீட்டர் பச்சைக் கதிராக வெளிவருகிறது. கலிபோர்னியாவின் லிவர்மோரில் 192 லேசர் கற்றைகளை ஒரு சிறு எரிபொருள் உருண்டையை நோக்கிக் குவிக்கும் தேசிய இக்னிஷன் ஆய்வு நிலையத்தில், ஒவ்வொரு கற்றையும் இலக்கை அடையுமுன் இவ்வகைப் படிகத் தகடுகளைக் கடந்து, 1053 நானோமீட்டரிலிருந்து 351 நானோமீட்டர் புற ஊதாவாக மாறுகிறது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து 3.15 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலைப் பெற்ற சோதனை அங்கேதான் நடந்தது. அந்தத் தகடுகளுக்காகவே, வெதுவெதுப்பான அதிதெவிட்டிய கரைசலில், அதாவது தாங்கக்கூடிய அளவுக்கும் மிஞ்சி உப்பு கரைந்த நீரில், ஒரு சிறு வித்துப் படிகத்தை வைத்து மெல்லமெல்லக் குளிரவிட்டு, முந்நூறு கிலோவைத் தாண்டும் ஒற்றைப் படிகங்களை வளர்க்கிறார்கள். முன்பு ஓராண்டுக்கும் மேல் பிடித்த வேலை, விரைவு வளர்ப்பு முறையால் சில வாரங்களாகச் சுருங்கியிருக்கிறது.

படிக வளர்ப்பில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சங்கரநாராயணன், ராமசாமி ஆகிய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட முறையில், செங்குத்தான கண்ணாடிக் குழாயின் குறுகிய அடிமுனையில் வித்துப் படிகத்தை வேண்டிய திசைநோக்கிப் பொருத்தி, மேற்பகுதியைச் சூடாக்கி நீரை ஆவியாக்க, படிகம் அந்த ஒரே திசையில் குழாயை நிறைத்துக்கொண்டு வளர்கிறது. இருவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்.ஆர். முறை எனப்படும் இதைப் பின்னர் கே.டி.பி. படிகத்துக்கும் பயன்படுத்தினார்கள். பெரிய படிகத்தை வளர்த்து, வேண்டிய கோணத்தில் அறுத்து, மீதியைக் கழிக்கும் வீண் இதில் குறைகிறது.

வயலில் இதே உப்பு 0-52-34 என்ற எண்ணோடு மூட்டையில் வருகிறது. நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் 52, பொட்டாசியம் 34 என்று அதைப் படிக்க வேண்டும். ஆனால் உரத்துறையின் பழைய வழக்கப்படி அவை ஆக்சைடுகளாகக் கணக்கிட்ட சதவீதங்கள். தனிமங்களாகப் பார்த்தால் தூய உப்பில் பாஸ்பரஸ் 22.8 சதவீதமும் பொட்டாசியம் 28.7 சதவீதமுமே உள்ளன. சொட்டுநீர்த் தொட்டியில் இதையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒன்றாகக் கரைக்கக் கூடாது. ஆய்வகக் குடுவையில் படியும் அதே கால்சியம் பாஸ்பேட் இங்கே சொட்டுவான்களை அடைத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று உர மூட்டையிலிருந்து அள்ளி ஆய்வகத்தில் எடைபோடுவதும் கூடாது. திட்டக் கரைசலுக்கு ஏ.ஆர். என்று குறித்த பகுப்பாய்வுத் தரக் குப்பியையே எடுக்க வேண்டும், எடுக்கும்போது அதன் மேலுள்ள முழுப்பெயரையும் மோல் எடையையும் ஒருமுறை வாசித்துக்கொள்ள வேண்டும்: 136.09 என்று இருந்தால் சரியான உப்பு; 174.18 என்று இருந்தால் அது டைபொட்டாசியம் உப்பு, வேறு பொருள்.